வீடு பாதியில் நிற்பது தவணையால்

ஊரகப் பகுதிக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் வீடுகள் பாதியில் நிற்பதற்குப் பயனாளிகளின் அலட்சியமே காரணம் என்கிறது ஒரு கட்டுரை. ஏற்க முடியவில்லை. கணக்கைப் பாருங்கள். சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசின் பங்கு 72,000, மாநிலத்தின் பங்கு 48,000. 2016-இல் வைத்த தொகை, 2024-இல் திட்டத்தை நீட்டித்தபோதும் உயரவில்லை. கான்கிரீட் கூரைக்கெனத் தமிழக அரசு தனியே பணம் சேர்ப்பதால்தான் இங்கு ஓரளவு தாக்குப்பிடிக்கிறார்கள். ஊரக வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலியும், கழிப்பறைக்கு 12,000 ரூபாயும் இந்தத் தொகையில் சேராமல் தனியே வருபவை.

உண்மையான முடிச்சு தவணையில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் முடிந்து, வீடு இருக்கும் இடத்தைக் காட்டும் குறியீட்டோடு படம் ஏற்றிய பிறகுதான் அடுத்த தவணை. அதாவது முதலில் கைக்காசைப் போட வேண்டும். லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) வரை எப்படியோ எழுப்பிவிடுவார்கள். கூரைக்குக் கம்பி, சிமென்ட், ஜல்லி, சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகை, முட்டு) வாடகை, ஆள் கூலி எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். கான்கிரீட்டைப் பாதி இன்று, பாதி அடுத்த மாதம் என்று போட முடியாது. அங்கேதான் வட்டிக்கு வாங்குகிறார்கள், இல்லையென்றால் வேலையை நிறுத்துகிறார்கள். கரிசல் மண்ணில் அஸ்திவாரத்தை ஆழமாக எடுக்க வேண்டியிருப்பதால் பணம் இன்னும் முன்னதாகவே தீர்ந்துபோகும்.

வேலை உத்தரவு தரும் முன்பே பட்டா யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று ஊராட்சியில் சரிபார்க்க வேண்டும். கூரைத் தவணையை லிண்டல் முடிந்த உடனேயே, சென்ட்ரிங் அடிக்கும் முன் விடுவிக்க வேண்டும்.