கிம்ப்பில் பின்னணி வெள்ளையாகத்தான் வருமா?

"படம் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பில் பின்னணியை அழித்தால் வெள்ளைதான் வரும், ஒளிபுகும் பின்னணி வேண்டுமென்றால் ஃபோட்டோஷாப்தான் வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வெள்ளை வருவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் கிம்ப் இல்லை.

ஜேபெக் (JPEG) படக் கோப்பில் ஒளிபுகும் தன்மையைச் சேமிக்க இடமே கிடையாது. அதைத் திறந்தால் லேயருக்கு, அதாவது படத்தின் அடுக்குக்கு, ஒளிபுகும் தன்மையைக் குறித்து வைக்கும் ஆல்ஃபா சேனல் இருக்காது. அழித்த இடத்தில் மென்பொருள் வேறு என்ன செய்யும்? கருவிப்பெட்டியில் பின்னணி நிறமாக இருப்பதைப் பூசிவிடும். வழக்கமாக அது வெள்ளை. சந்தேகமிருந்தால் அந்த நிறத்தைச் சிவப்பாக்கிவிட்டு அழித்துப் பாருங்கள், சிவப்பு வரும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, அதில் ஆட் ஆல்ஃபா சேனல். 2.10 பதிப்பில் ஆல்ஃபா இல்லாத லேயரின் பெயர் தடித்த எழுத்தில் தெரியும், சேர்த்ததும் சாதாரண எழுத்தாகிவிடும். அப்புறம் பின்னணியைத் தேர்ந்தெடுத்து டெலிட் அழுத்தினால் சாம்பல் கட்டங்கள் தெரியும், அந்த இடம் ஒளிபுகும் என்பதற்கு அடையாளம் அது. ஓரத்தில் பழைய நிறம் கோடு போல ஒட்டியிருந்தால், அழிக்கும் முன்பே தேர்வை ஒரு பிக்சல் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். தலைமுடிக்கு இதெல்லாம் போதாது, லேயரை அழிக்காமல் வேண்டாத பகுதியை மறைக்கும் லேயர் மாஸ்க்தான் சரி. தவறினால் மாஸ்கில் வெள்ளைத் தூரிகையால் பூசித் திரும்பக் கொண்டுவரலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு மறுபடி ஜேபெக்காக ஏற்றுமதி செய்துவிடாதீர்கள், மீண்டும் வெள்ளைதான் நிற்கும். எக்ஸ்போர்ட் ஆஸ் போய், ஒளிபுகும் தன்மையைச் சேமிக்கும் பிஎன்ஜி (PNG) என்று கொடுங்கள். ஃபோட்டோஷாப்பில் செய்து ஜேபெக்காகச் சேமித்தாலும் ஒளிபுகும் தன்மை போய்விடும்.