பையில் எழுத வேண்டியது பிள்ளையின் பெயர்

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் நகரிப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து, இந்த ஏப்ரலில் ஓய்வு பெற்றேன். 29 வருட சர்வீஸ். வேலையில் இருந்தவரை நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மனதில் இருப்பதை எழுதிவிடலாம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஆகஸ்டில் ஆந்திரா முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்குத் தேர்தல் நடந்தது. எங்கள் ஊரில் இதைப் பேரன்ட்ஸ் கமிட்டி என்பார்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சோறு எப்படி இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, டீச்சர் நேரத்துக்கு வருகிறாரா என்று கேட்கிற உரிமையைத் தாய்மார்கள் கையில் கொடுத்த நல்ல சட்டம் அது.

அன்று காலையில் பள்ளி வாசலில் இரண்டு கார் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருவருக்கும் எங்கள் பள்ளியில் பிள்ளை கிடையாது. ஒரு கட்சிக்காரர்கள் வேப்ப மரத்தடியில் நின்றார்கள், இன்னொரு கட்சிக்காரர்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம். நடுவில், பவர்லூம் வேலையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெண்கள். கை தூக்கித்தான் ஓட்டு. ஒரு பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், யாருக்குக் கை தூக்கினா எங்க வீட்டுக்கு ஒண்ணும் வராதுன்னு சொல்லுங்க, தூக்கிட்டுப் போயிடறேன்." என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. சொல்லவும் கூடாது. அவள் யாரையும் பார்க்காமல் கையைத் தூக்கினாள். முழங்கை வரை நூல் தும்பு ஒட்டியிருந்தது.

அப்படி அமைந்த கமிட்டி, நான் ஓய்வு பெறும் வரை கழிப்பறைத் தண்ணீரைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் மகன் அப்போது இரண்டாவது. மகள் அதற்கு முன்பே என்னிடம் படித்துப் போனவள். அந்த மகளின் படிப்பு எப்படிப் போனது என்று சொன்னாலே போதும், நான் எதைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று புரிந்துவிடும்.

2019 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அப்போதுதான் ஆட்சி மாறியிருந்தது. அவள் 'அ' எழுதிப் பழகி முடிப்பதற்குள், அந்த நவம்பரில், அடுத்த வருடத்திலிருந்து அரசுப் பள்ளிகளெல்லாம் இங்கிலீஷ் மீடியம் என்று அரசாணை வந்தது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குள் கொரோனா வந்து பள்ளியே மூடிக் கிடந்தது. 2022-ல் அவள் நாலாவது. 3, 4, 5-ஆம் வகுப்புகளைப் பக்கத்திலிருக்கும் உயர்நிலைப் பள்ளியோடு சேர்க்கச் சொல்லி 117-ஆம் அரசாணை வந்தது. ஒன்பது வயதுக் குழந்தை பெரிய ரோட்டைத் தாண்டிப் பெரிய பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தாள். அங்கே தமிழ் தெரிந்த ஆசிரியர் ஒருவர்தான். 2024-ல் அவள் ஆறாவது, மறுபடி ஆட்சி மாற்றம். 2025-ல் அந்த 117 வாபஸ் ஆனது. அப்போது ஏழாவதுக்குப் போய்விட்டாள், அவளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 2029-ல் பத்தாவது பரீட்சை எழுதுவாள். அதுவும் தேர்தல் வருடம்.

நான் இங்கிலீஷுக்கு எதிரி இல்லை. பிள்ளைகள் இங்கிலீஷ் நன்றாகப் படிக்க வேண்டும், அதுவும் இந்தத் தறிக்கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும். எந்த மீடியம் என்பதைப் பெற்றவர்கள் முடிவு செய்யட்டும் என்பதுதான் என் வாதம். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்து தர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு மாநிலங்களுக்குச் சொல்லி எத்தனையோ வருடம் ஆயிற்று. ஆனால் அரசாணை எழுதுகிறவர்களுக்கு எல்லையோரத்துத் தமிழ்ப் பள்ளி கண்ணிலேயே படுவதில்லை. தெலுங்குக்கு ஒரு முடிவு எடுப்பார்கள், அது எங்கள் தலையிலும் விழும். ஆள் எடுப்பதும் அப்படித்தான். டிஎஸ்சி என்கிற ஆசிரியர் தேர்வு 2018-க்குப் பிறகு அடுத்து 2025-ல்தான் நடந்தது. இடையில் எங்கள் பக்கத் தமிழ் ஆசிரியர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கப் பத்து வருடம் வேண்டும். ஒரு அரசுக்கு ஐந்து வருடம். வருகிறவர்கள் எல்லோரும் போனவர்கள் செய்ததைக் கலைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். செய்தது நல்லதா கெட்டதா என்றுகூடப் பார்ப்பதில்லை. என் ஆத்திரமெல்லாம் இதன் மேல்தான்.

அடுத்தது பெயர்.

2020 அக்டோபரில் பை, நோட்டு, யூனிஃபார்ம், ஷூ எல்லாம் சேர்த்து ஒரு செட்டாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். ஷூ போட்டு அறியாத பிள்ளைகள் ஷூவோடு வந்து நின்றபோது கண் நிறைந்தது. ஆனால் அதற்கு வைத்தது அன்றைய முதல்வர் பெயர். மதியச் சோற்றுக்கும் அவர் பெயர்தான். ஒரு வருடம் பைகள் வந்து இறங்கிய பிறகும், உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வந்து போட்டோ எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கு வாய்மொழி உத்தரவு. மூன்று நாள் பூட்டிய அறைக்குள் புதுப் பை கிடந்தது. பிள்ளைகள் வெளியே உரச் சாக்கில் தைத்த பையோடு நின்றார்கள். கடைசியில் கொடுத்தபோது நான் மேலே சொன்ன அந்தக் குழந்தை பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், என் பேரை எங்க எழுதறது?" என்று கேட்டாள். உள்பக்கம், ஜிப்புக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.

2024-க்குப் பிறகு அந்தத் திட்டத்துக்கு சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பெயரை வைத்தார்கள். மதியச் சோற்றுக்கு டொக்கா சீதம்மா பெயர். ஒருவர் நம் திருத்தணியில் பிறந்த ஆசிரியர், இன்னொருவர் கோதாவரிக் கரையில் வந்தவர்க்கெல்லாம் சோறு போட்ட அம்மா. பதவியில் இருப்பவர் பெயருக்கு இது எவ்வளவோ மேல். இந்த வழக்கமாவது அடுத்த ஆட்சியிலும் நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இதை ஆந்திராவின் வியாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். திருத்தணி எங்களுக்குப் பஸ் ஏறினால் போய்விடும் தூரம். 1960-ல் எல்லை மாறி அது தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் இங்கேயே நின்றோம். என் அக்கா குடும்பம் அந்தப் பக்கம். 2011-ல் அங்கே ஆட்சி மாறியதும் சமச்சீர்க் கல்வியை நிறுத்தப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் ஆகஸ்டு 9-ஆம் தேதிதான் தீர்ப்பு வந்தது. அதுவரை அக்கா மகள் புத்தகமே இல்லாமல் பள்ளிக்குப் போய் வந்தாள். பிறகு வந்த புத்தகத்தில் முந்தைய முதல்வர் எழுதிய பக்கத்தின் மேல் ஸ்டிக்கர். ராத்திரி அந்தத் தாளை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, அடியில் என்ன இருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பாடத்தை இவ்வளவு ஆர்வமாகப் படித்திருந்தால் நன்றாக இருக்கும் என்று அக்கா திட்டினாள். எனக்கோ அந்தக் காட்சி இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை.

அதே வருடம் நவம்பரில், திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்த சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப் போவதாக அறிவித்தார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்டதால் அது நூலகமாகவே பிழைத்தது. சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். 2021-ல் ஆட்சிக்கு வந்தவர்கள், முன்னாள் முதல்வர்கள் இருவரின் படம் அச்சிட்டிருந்த பள்ளிப் பைகளை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். படத்தை மாற்ற ஆகும் 13 கோடி ரூபாய் மிச்சமானது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் கிரந்தாலயத்துக்கு, அதாவது நூலகத்துக்கு, வருகிறேன். இங்கே வீட்டு வரியோடு ரூபாய்க்கு 8 பைசா லைப்ரரி செஸ் கட்டுகிறோம். தறிக்காரரும் கட்டுகிறார், பூக்காரம்மாவும் கட்டுகிறார். அந்தப் பணம் மாவட்ட நூலகங்களை நடத்தும் ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தாவுக்குப் போக வேண்டும். அதன் சேர்மன் பதவி அரசு நியமிக்கிற பதவி. நடைமுறையில் கட்சிக்கு உழைத்தவருக்குக் கொடுக்கிற பரிசாகிவிட்டது. ஆட்சி மாறினால் ஆளும் மாறுகிறார். படிப்பவர் யாரும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை.

எங்கள் கிளை லைப்ரரியில் தமிழுக்கு ஒரே ஒரு இரும்பு பீரோ. நான் வேலையில் சேர்ந்த புதிதில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன், புத்தகத்துக்கு அடித்துக்கொள்வார்கள். இப்போது அந்த பீரோவில் இருக்கும் புத்தகங்களில் பாதி, அன்று அந்தப் பிள்ளைகள் எடுத்துப் படித்ததேதான். சிலதில் அவர்களுடைய கையெழுத்துகூட இருக்கிறது. புதிதாக வருவது தலைவர்களின் வாழ்க்கை வரலாறு, கட்டுக் கட்டாக, கயிறு அவிழாமல். தமிழ்ப் பேப்பரை நிறுத்தி எத்தனையோ காலமாயிற்று. நூலகர் நல்ல மனிதர். கேட்டால், "லிஸ்ட்டு மேல இருந்து வருதும்மா, நான் என்ன பண்றது" என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்று 1931-லேயே விதி எழுதினார் ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகத்துக்கு வந்த சீர்காழிக்காரர். அந்த விதியில் தமிழ்ப் பிள்ளைக்கு விலக்கு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவள் ஆக மாட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, திருத்தணிக் கிராமங்களில் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, பத்தாவது பரீட்சையில் தங்கள் மொழித் தாளை எழுதவே அவர்கள் கோர்ட்டுக்குப் போய் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. அவர்களுடைய தாய்மார்களும் என் முன்னால் நூல் தும்போடு நின்றவளைப் போன்றவர்கள்தான். எனக்கு வேண்டும் என்று கேட்பதை அவர்களுக்கு வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

வரும் திங்கட்கிழமை ஸ்பந்தனாவில், அதாவது அதிகாரிகள் மக்கள் குறை கேட்கும் கூட்டத்தில், மனு கொடுக்கப் போகிறோம். இப்போது அதற்கும் வேறு பெயர் வைத்துவிட்டார்கள், ஊரில் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். கேட்பது இரண்டே விஷயம். கமிட்டித் தேர்தல் நாளில் அந்தப் பள்ளியில் பிள்ளை இல்லாத யாரும் கேட்டுக்குள் வரக் கூடாது. லைப்ரரிக்குத் தினமும் ஒரு தமிழ்ப் பேப்பர், வருடத்துக்குக் கொஞ்சம் தமிழ்ப் புத்தகம், அதுவும் பிள்ளைகளைக் கேட்டுத் தயாரித்த லிஸ்ட்டிலிருந்து. லிஸ்ட் என்னிடம் தயாராக இருக்கிறது. முதல் பக்கத்தை எழுதியவள் அந்த ஏழாம் வகுப்புப் பெண். இதுவரை 41 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவளுடைய அம்மா இன்னும் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். நானும் அவசரப்படுத்தவில்லை.