விண்வெளிக்குப் போக பைலட் ஆகியே தீர வேண்டுமா?

"ஃபைட்டர் பைலட்டுக்குத்தான் விண்வெளி. வெலிங்டனில் பயிற்சி இருக்கும்போது ஊட்டி காலேஜில் பிசிக்ஸ் எதற்கு?" என்று ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார்.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் நாட்டுத் திட்டமான ககன்யானைப் பொறுத்தவரை பாதி சரி. முதலில் தேர்வான நால்வரும் விமானப்படை சோதனை விமானிகள்தான். அவர்களில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் குன்னூர் பக்கத்து வெலிங்டனிலும் படித்தவர். ஆனால் அண்ணா, அங்கே விமானம் ஓட்டக் கற்றுத் தருவதில்லை. ஏற்கெனவே முப்படைகளில் அதிகாரியாக இருப்பவர்களுக்கான ஸ்டாஃப் காலேஜ் அது. குன்னூர் பஸ்ஸில் போகிற நமக்கே இது தெரியாவிட்டால் எப்படி?

நாசா கதை வேறு. 1972-ல் நிலவில் இறங்கிய ஹாரிசன் ஷ்மிட் பாறைகளை ஆராயும் விஞ்ஞானி. தேர்வான பிறகுதான் ஜெட் ஓட்டவே கற்றார். 2016-ல் விண்வெளி நிலையத்தில் டிஎன்ஏ வரிசையைப் படித்த கேட் ரூபின்ஸ் வைரஸ் ஆராய்ச்சிக்காரர். நாசாவில் கேட்பது அறிவியல், பொறியியல் போன்ற துறையில் முதுகலை, அப்புறம் 3 வருட வேலை அனுபவம் அல்லது விமானியாக 1000 மணி நேரம், அதில் பெரும்பகுதி ஜெட்டில். அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும், அது தனித் தலைவலி.