ஒத்திருக்கிறது, ஆனால் கடன் வாங்கியதல்ல

சமஸ்கிருதத்தில் 'இல்லை' என்று பொருள்தரும் 'அ' முன்னொட்டைக் கிரேக்கர்கள் கடன் வாங்கினார்கள், அங்கிருந்துதான் ஆங்கிலத்தின் 'அன்' (un-) வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். ஒற்றுமையைக் கவனித்தது சரி, கடன் என்பதுதான் சரியில்லை.

மூன்றும் உடன்பிறப்புகள். இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இருந்த ஒரே எதிர்மறை முன்னொட்டுதான் சமஸ்கிருதத்திலும் கிரேக்கத்திலும் 'அ/அன்', லத்தீனில் 'இன்', ஜெர்மனில் 'உன்', ஆங்கிலத்தில் 'அன்' என்று தனித்தனியே மாறி வந்தது. ஆங்கிலத்தின் 'அன்ஹேப்பி'யில் இருப்பது அதன் ஜெர்மானிய (ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த மொழிக் கிளை) பரம்பரைச் சொத்து, அது கிரேக்கத்தின் வழியாக வரவே இல்லை. கிரேக்கத்திலிருந்து ஆங்கிலம் வாங்கியவை வேறு: 'ஆட்டம்' (atom, அதாவது அணு; வெட்ட முடியாதது), 'அனானிமஸ்' (பெயரில்லாதது, நம் ஆட்கள் செல்லமாக 'அனானி' ஆக்கிவிட்டது இதைத்தான்).

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 1899-இல் வெளியான மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதன் முதல் பக்கத்திலேயே 'அ' என்ற பதிவில் கிரேக்க, லத்தீன், ஜெர்மன், ஆங்கில வடிவங்களை 'இணையானவை' என்றுதான் போட்டிருக்கிறார். அப்புறம் ஏதாவது ஒரு நல்ல ஆங்கில அகராதியில் 'அன்' முன்னொட்டின் சொற்பிறப்பைப் பாருங்கள், பழைய ஆங்கிலம், ஜெர்மானியம் என்றுதான் போகும்.