மூணாறு ரயில் போடிக்கு ஓடவில்லை

"அந்தக் காலத்தில் மூணாறிலிருந்து போடிநாயக்கனூர் வரை ரயில் ஓடியது, 1924 வெள்ளம் அதை அழித்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருப்பதில் பிற்பாதி சரி, முற்பாதி தவறு.

குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷன் என்ற மலையுச்சி இடத்துக்கும் இடையே மட்டும் ஓடியது. 1902-இல் அது மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளப் பாதையாக இருந்தது: வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் உருள, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் ஓடிச் சமநிலை காத்தது. 1908-இல் இரண்டடி அகலக் குறும்பாதையாக மாற்றப்பட்டு, நீராவி எஞ்சின்கள் வந்தன. டாப் ஸ்டேஷனில் தண்டவாளம் முடிந்துவிடும். தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடம் வழியாக மலையடிவாரத்தில் உள்ள கொட்டகுடிக்கு இறங்கி, பிறகே போடிக்குச் சென்றன. இன்னொன்று: மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டதே 1928-இல்தான், மூணாறுப் பாதை அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே வெள்ளத்தில் போய்விட்டது. இல்லாத பாதையோடு அது எப்படி இணைந்திருக்கும்?

எச்சங்களைத் தேடுவோர் போடி மெட்டுச் சாலையில் அலைய வேண்டாம். மூணாறு நகருக்குள்ளேயே தேயிலை நிறுவன அலுவலகமாக இயங்கும் கட்டடம் பழைய ரயில் நிலையம்தான். அந்த ரயிலின் சக்கரம் ஒன்று தேயிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கவனிக்காமலே தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.