பதினொரு மணிக்குப் பெரிய கோயிலுக்கு வந்தால் கால்தான் சுடும்

ஞாயிற்றுக்கிழமை ஊர் சுத்திப் பார்க்க வந்த நாற்பது பேர் குழு ஒண்ணு பதினொரு மணிக்கு வந்து பார்த்துட்டு ஒரு பதிவு போட்டிருக்கு. "தஞ்சாவூர்ல அரை நாளுக்கு மேல பார்க்க ஒண்ணுமில்ல"ன்னு எழுதியிருக்காங்க. படிச்சதுலேருந்து மனசு ஆறல.

தப்பு ஊர் மேல இல்லைங்க, நேரம் போட்டவங்க மேல. நாற்பது பேரைக் கோடை வெயில்ல பதினொரு மணிக்குப் பெரிய கோயில்ல இறக்கினா, செருப்பைக் கழற்றினதும் கல்தரை சுடும். எல்லாரும் நிழலுக்கு ஓடுவாங்க. பன்னிரண்டரைக்கு நடை சாத்திடுவாங்க. அப்புறம் எதைப் பார்க்கிறது?

ஆறரைக்கு வாங்க. கிழக்குப் பார்த்த கோயில், விமானத்து (கருவறை மேல இருக்கிற கோபுரம்) முகப்புல வெயில் நேரா விழும். அடித்தளத்துக் கல்வெட்டெல்லாம் சாய்வெயில்லதான் எழுத்து எழுத்தா எடுப்பாத் தெரியும். உச்சிவெயில்ல வெறும் கீறல்தான். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்"னு ராஜராஜன் வெட்டச் சொன்னது அங்கேதான் இருக்கு. தானும் தன் அக்கா குந்தவையும் கோயிலுக்குக் குடுத்ததைத்தான் சொல்றார். ஒரு வரியாவது விரல்காட்டிப் படிச்சுச் சொல்ல ஆள் வேணும். ஒருத்தர் குரல் பதினைஞ்சு பேருக்குத்தான் எட்டும், அதனால நாற்பது பேரை மூணாப் பிரிங்க.

பத்து மணிக்கு அரண்மனை. ஒரு பிரிவு தர்பார் மண்டபம், ஒண்ணு கலைக்கூடம், ஒண்ணு சரசுவதி மகால் நூலகத்து அருங்காட்சியகம், பிறகு மாத்திக்கலாம். கலைக்கூடத்துல எல்லாச் சிலையையும் பார்க்க ஓடாதீங்க. திருவெண்காட்டு ரிஷபவாகனர் (காளை மேல கை சாய்ச்சு நிக்கிற சிவனோட செப்புச் சிலை) முன்னாடி பத்து நிமிஷம் நில்லுங்க, போதும். 1011ல செஞ்சது. பாம்பு சுத்தின தலைப்பாகை மாதிரி முடிக்கட்டு. காளை இப்ப இல்ல. ஆனா அது மேல சாய்ஞ்ச கை அப்படியே சாய்ஞ்சு நிக்குது. அந்தக் குழு இந்தக் கூடத்துக்குள்ளேயே போகல.

"வயசானவங்க இருந்தாங்க"ன்னு சொல்வீங்க. வயசானவங்களுக்குத்தானே காலைக் குளிர்ச்சி வேணும்? அரண்மனைக் கோபுரப் படி ஏற வேண்டாம், கலைக்கூடத்துல உட்காரட்டும். "ஒரே நாள்ல கும்பகோணம் பக்கத்துத் தாராசுரம் கோயிலும் பார்க்கணுமே"ன்னா, அதுக்குத் தனியா ஒரு நாள் ஒதுக்குங்க. போக மட்டுமே ஒரு மணி நேரம் ஆகும்.

வெளியூர்லேருந்து விடியற்காலை வர்றது கஷ்டம்தான், ஒத்துக்கிறேன். முதல் நாள் ராத்திரியே வந்து தங்குங்க. முடியலைன்னா நாலு மணிக்கு நடை திறந்ததும் கோயிலுக்கு வாங்க. ஆனா, பார்க்காமப் போயிட்டு, பார்க்க ஒண்ணுமில்லைன்னு மட்டும் எழுதாதீங்க. இங்கேயே பொறந்து வளர்ந்தவங்களுக்கு வலிக்குது.