பதினொரு மாத ஒப்பந்தமும் பதிவும்
காட்பாடியில் மாணவர்களுக்கு வீடு விடுபவர்கள் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் எங்கும் பதிய வேண்டாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது பாதிதான் சரி. ஓராண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு விலக்கு தருவது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்த விலக்கு சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கு மட்டும்தான். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017ஆம் ஆண்டின் 42ஆம் சட்டம்) வேறு. அதன் 4ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் (Rent Authority, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட அரசு அதிகாரி) பதிய வேண்டும். மாதக் கணக்கில் விலக்கு இல்லை. வேலூர் மாநகராட்சிக்குள் காட்பாடி, சத்துவாச்சாரி எல்லாமே இதில் அடங்கும். முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள்தான், வாடகை பாக்கி என்று வழக்குப் போகும்போது தவிக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். என் சொல்லை நம்ப வேண்டாம். சட்டத்தின் 4ஆம் பிரிவை நீங்களே படியுங்கள். தமிழக அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் விண்ணப்பப் படிவமும் இருக்கிறது.